மா வறுத்த மணமும் நாலு மணி இருட்டும்

சித்தப்பா சுவிஸின் பாசல் நகரத்தின் பழைய பகுதியில் ஓர் உணவகக் குசினியில் வேலைக்குச் சேர்ந்தது 2007இல். அன்றிலிருந்து மாசிக் கடைசியிலோ பங்குனித் தொடக்கத்திலோ அவரிடமிருந்து ஓர் அழைப்பு வரும். "பிள்ளை, வாற திங்கட்கிழமை எனக்கு நித்திரை இல்லை. சூப் காய்ச்ச வேணும்." அவ்வளவுதான் கதை. ஊரே தெருவில் நிற்கிற நேரத்தில் அவர் அடுப்புக்கு முன்னால் நிற்பார். மேளச் சத்தம் குசினிச் சுவரைத் தாண்டி வரும்போது கொளுவியில் தொங்குகிற கரண்டிகள் ஒன்றோடொன்று தட்டுப்படுமாம். பாசலின் ஃபாஸ்நாஹ்ட் விழாவை அவர் காதால் மட்டுமே அறிந்தவர்.

நான் இருப்பது பேர்ன் பக்கம். ரயிலில் ஒரு மணித்தியாலத் தூரம். இருந்தும் இத்தனை வருடமாகப் போனதில்லை. குளிர்காலம் முடிகிற நேரத்தில் சுவிஸ் ஊர்கள் பலவற்றில் முகமூடி ஊர்வலமும் பித்தளை வாத்தியமும் நடக்கும். பாசலில் நடப்பதும் அதில் ஒன்று என்று நினைத்திருந்தேன். 2025இல், மார்ச் 10ஆம் திகதி, திங்கட்கிழமை விடியப்புறம் முதன்முதலாகப் போனேன். அந்த மூன்று நாளில் மூன்று தரம் போய்வந்துவிட்டேன்.

திங்கள் விடியப்புறத்துக்கென்று விசேட ரயில்கள் விடுகிறார்கள். பின்னிரவில் பேர்ன் நிலையத்தில் ஏறினால் நிற்க இடமில்லை. ஆனால் அந்த நேரத்து ரயிலில் வழக்கமாகக் கேட்கிற கூச்சல் ஒன்றும் இல்லை. தோளில் நித்திரை கொள்ளும் சிறுபிள்ளைகளோடு தாய் தகப்பன்மார், தடித்த மேலங்கி போட்ட முதியவர்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா மேலங்கிக் கழுத்தில் ஒரு சின்ன உலோகச் சின்னம் குத்தியிருந்தார். பிளாகெட்டே என்பார்கள். செம்பு, வெள்ளி, தங்க நிறங்களிலும், இவற்றுக்கு மேலே நகை மாதிரி ஒன்றுமாக, வருடத்துக்கு ஒரு புது வடிவத்தில் வரும். அதை விற்கிற காசில் ஒரு பங்கு ஊர்வலம் போகும் குழுக்களுக்குப் போகிறது. பார்க்க வருகிறவர் அதை வாங்கிக் குத்திக்கொள்வது மரியாதை. நானும் நிலையத்துக்கு வெளியே ஒரு செம்புச் சின்னம் வாங்கினேன்.

கூட்டத்தோடு கூட்டமாகப் பழைய நகரத்துக்கு இறங்கி, முதலில் சித்தப்பாவின் குசினிப் பின்கதவைத் தட்டினேன். மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால். கதவு திறந்ததும் முகத்தில் அடித்தது வறுத்த மாவின் மணம். அடுப்பில் பிள்ளையைக் குளிப்பாட்டக்கூடிய அளவில் ஒரு பானை.

இந்தச் சூப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேல்சுப்பெ, அதாவது மாச்சூப். கோதுமை மாவை வெறும் சட்டியில் போட்டுக் கிளறிக் கிளறி வறுப்பார்கள். வெள்ளை மா மஞ்சளாகி, பழுப்பாகி, கடைசியில் கோப்பித்தூள் நிறத்துக்கு வர வேண்டும். கை ஓய்ந்தால் அடிப்பிடிக்கும். ஒரு பிடி கருகினாலும் பானை முழுக்கக் கசந்துவிடும். பிறகு வெண்ணெயில் வதக்கிய வெங்காயமும் இறைச்சி அவித்த சாறும் சேர்த்து மணித்தியாலக் கணக்கில் மெல்லிய சூட்டில் விட வேண்டும். பரிமாறும்போது மேலே துருவிய சீஸ். "மா வறுக்கிறது எங்கட சனத்துக்குப் பழகின கைதானே பிள்ளை" என்றார் சித்தப்பா. "வந்த முதல் வருசம் முதலாளி பக்கத்தில நிண்டு பார்த்தவர். அடுத்த வருசம் பார்க்க வரேல்லை." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமை எனக்கு மிகவும் பிடித்தது. விடியமுன் அந்த உணவகத்தில் குடித்தவர்கள் அத்தனை பேரும் ஒரு யாழ்ப்பாணத்தார் வறுத்த மாவைத்தான் குடித்தார்கள்.

2020ஐப் பற்றியும் அப்போதுதான் சொன்னார். பெப்ரவரி 28, வெள்ளிக்கிழமை, கொரோனாவால் ஆயிரம் பேருக்கு மேல் கூடக்கூடாது என்று சுவிஸ் அரசு அறிவித்தது. ஃபாஸ்நாஹ்ட் அடுத்த திங்கள் தொடங்க இருந்தது. குசினியில் மா ஏற்கெனவே வறுத்து வாளியில் மூடி வைத்தாயிற்று. 2021இலும் விழா இல்லை. "அண்டைக்கு இந்த ஒழுங்கையில தனிய நடந்து வீட்ட போனன். வளர்ந்த ஆக்கள் வாசல்ல நிண்டு அழுதுகொண்டு நிண்டவை" என்றார். ஒரு விழா நின்றதற்காக அழுவார்களா என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.

மூன்றரை மணிக்கு என்னை வெளியே அனுப்பினார். "போனை வெளியில எடுக்காதை. லைற் அடிச்சால் சனம் ஏசும்."

சந்தைச் சதுக்கத்தில், சிவப்பு நகரசபைக் கட்டடத்துக்கு எதிரே ஒரு கடைச் சுவரோடு ஒட்டி நின்றேன். சனம் நெருக்கி நின்றது. கட்டடங்களின் இடுக்கிலெல்லாம் பெரிய பெரிய உருவங்கள் அசையாமல் காத்திருந்தன. சரியாக நாலு மணிக்குத் தேவாலய மணி அடிக்கத் தொடங்கியது. தெருவிளக்குகள் அத்தனையும் ஒரேயடியாக அணைந்தன. கடைக் கண்ணாடிகளுக்குப் பின்னாலும் வெளிச்சமில்லை. பழைய நகரம் முழுக்க இருட்டு. கூட்டத்திலிருந்து மூச்சு இழுக்கிற ஒரு சத்தம் எழும்பியது. அடுத்த நொடி, இருட்டுக்குள் ஒரு குரல்: "மோர்கெஷ்ட்ரைஹ்! ஃபோர்வேர்ட்ஸ், மார்ஷ்!" அதே கட்டளை வேறொரு மூலையிலிருந்து, பாலத்துப் பக்கத்திலிருந்து, மேட்டுத் தெருவிலிருந்து. பிறகு மேளம்.

அந்த நொடியில் எல்லாக் குழுக்களும் தொடங்குவது ஒரே மெட்டு. அந்த விடியப்புறத் தொடக்கத்துக்குப் பெயர் மோர்கெஷ்ட்ரைஹ், மெட்டுக்கும் அதே பெயர். ஆனால் ஒரு குழு மற்றக் குழுவைப் பார்த்து வாசிப்பதில்லை. அவரவர் நடை, அவரவர் தாளம். எனக்கு இடப்பக்கம் போனவர்கள் மெட்டின் மூன்றாம் அடிக்கு வந்தபோது வலப்பக்கத்துக்காரர் இரண்டாம் அடியில் இருந்தார்கள். தூரத்துப் பாலத்தில் போனவர்களின் குழல் எதிரொலியாகப் பிந்தி வந்தது. ஒரே பாட்டு பல இடத்திலிருந்து ஒன்றின் மேல் ஒன்று விழுந்து மடிந்தது. பின்னால் கடையின் இரும்புக் கதவு என் முதுகில் படபடவென்று அதிர்ந்துகொண்டிருந்தது. சித்தப்பாவின் கரண்டிகள் எப்படி அடித்துக்கொண்டிருக்கும் என்று அப்போது விளங்கியது.

வெளிச்சம் என்று இருந்தது லாந்தர்கள் மட்டுமே. ஒவ்வொரு குழுவுக்கும் ஆளை விட உயரமான ஒரு பெரிய லாந்தர்: மரச்சட்டத்தில் துணி இழுத்துக் கட்டி, ஓவியம் தீட்டி, உள்ளே விளக்கு வைத்தது. சிலதைத் தோளில் தூக்குகிறார்கள், சிலதை உருட்டுகிறார்கள். குழல் ஊதுகிறவர், மேளம் அடிக்கிறவர் தலையில் ஆளுக்கொரு குட்டி லாந்தர். ஆளே தெரியாது, தலைக்கு மேலே எரிகிற சின்ன வெளிச்சங்கள் வரிசை வரிசையாக அசைந்து அசைந்து போவதுதான் தெரியும்.

என் கை தானாகவே பைக்குள் போய்விட்டது. கைபேசியின் திரை வெளிச்சம் வந்ததுதான் தாமதம், பக்கத்தில் நின்ற வயதான அம்மா ஒருவர் என் மணிக்கட்டில் கை வைத்து மெல்லக் கீழே இறக்கினார். கோபப்படவில்லை. அந்தக் கையை உடனே எடுக்கவும் இல்லை. இரண்டு மூன்று குழுக்கள் கடந்து போகும்வரை நாங்கள் இருவரும் அப்படியே நின்றோம்.

ஏன் நாலு மணி, ஏன் லாந்தர் என்று பிறகுதான் படித்தேன். விடிய நாலு மணிக்குத் தொடங்க அதிகாரபூர்வமாக அனுமதி கிடைத்தது 1835இல். அதற்கு முன்பு தீப்பந்தம் பிடித்துப் போயிருக்கிறார்கள். நெருக்கமான மர வீடுகள், ஒடுங்கிய ஒழுங்கைகள். தீ பயத்தில் 1845இல் திறந்த தீப்பந்தத்தைத் தடை செய்தார்கள். ஊரார் நெருப்பைக் கம்பு நுனியிலும் தலை மேலும் கூட்டுக்குள் வைத்துக்கொண்டார்கள். தடையிலிருந்து இப்படியொரு அழகு பிறந்திருக்கிறது.

விழாவின் காலமும் மற்ற ஊர்களைப் போல இல்லை. கத்தோலிக்க ஊர்களில் சாம்பல் புதனோடு கொண்டாட்டம் அடங்கி நோன்பு தொடங்கும். பாசலில் அந்தப் புதன் கழிந்து வருகிற திங்களில்தான் தொடங்குகிறார்கள். நோன்பு நாள்களை எண்ணும்போது ஞாயிறுகளை விட்டுவிட வேண்டும் என்று 11ஆம் நூற்றாண்டுக் கடைசியில் திருச்சபை மாற்றியதால் நோன்பின் தொடக்கம் ஆறு நாள் முன்னால் போனது. பாசல் பழைய கணக்கிலேயே நின்றுவிட்டது. 1529இல் இந்த நகரம் சீர்திருத்தச் சபைப் பக்கம் போனது. அப்படிப் போன ஊர்கள் பலவற்றில் முகமூடி விழா அழிந்தது, இங்கே அழியவில்லை. 1356இல் பெரிய நிலநடுக்கம் வந்து நகரத்தின் பழைய ஆவணங்கள் அழிந்தன. மிஞ்சியதில் விழாவைப் பற்றிக் கிடைக்கிற முதல் குறிப்பு 1376க்கு உரியது. அதுவும் நல்ல சேதியல்ல: பிரபுக்களுக்கும் ஊராருக்கும் கலவரம் மூண்டு உயிர்கள் போன அந்த நாளைக் 'கெட்ட ஃபாஸ்நாஹ்ட்' என்றே இன்றைக்கும் சொல்கிறார்கள். 2017இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் வாழும் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

செவ்வாய்க்கிழமை வேலை முடித்து மறுபடி ரயில் ஏறினேன். லாந்தர்கள் அத்தனையையும் பேராலயச் சதுக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள். ஏறக்குறைய 200. திங்கள் இரவிலிருந்து புதன் காலைவரை அங்கே நிற்கும். இரவில் உள்விளக்கு எரிய, அவற்றுக்கிடையில் நடந்தபோது நேற்று இருட்டில் தப்பவிட்டதெல்லாம் கண்ணில் பட்டது. ஒவ்வொரு குழுவும் அந்த வருடத்துக்கென்று ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளும், சுஜே என்பார்கள். அரசியல்வாதி, வங்கி, ரயில் தாமதம், வாடகை, உலகத் தலைவர்கள், எதுவும் தப்பாது. மே மாதம் யூரோவிஷன் பாட்டுப் போட்டி பாசலில் நடக்கவிருந்த வருடம் என்பதால் அதுவும் மாட்டியிருந்தது. ஓவியத்தின் இடுக்குகளில் பாசல் பேச்சுமொழியில் குட்டிக் குட்டி வரிகள். என்னுடைய ஜெர்மன் அதற்குப் போதாது. பக்கத்தில் நின்ற ஒருவர் ஒரு வரியை வாசித்துச் சிரித்து, எனக்கு எழுத்து ஜெர்மனில் சொல்லப் பார்த்து, முடியாமல், "இது இந்த ஊர் வாயால் சொன்னால்தான்" என்றார். அதே விஷயத்தைப் பாட்டாக எழுதி நீட்டு நீட்டுக் கடதாசியில் அச்சடித்தும் கொடுக்கிறார்கள். உணவகம் உணவகமாகப் போய்ப் படம் காட்டிப் பாடுகிறவர்களும் உண்டு. நாலு வரியில் ஒரு கதை. கடைசி வரியில் யாருக்காவது அடி விழும்.

முகம் மறைக்கிறதன் பயன் எனக்கு அங்கேதான் பிடிபட்டது. பாசல்காரரிடம் முகமூடியை 'மாஸ்க்' என்று சொன்னால் உடனே திருத்துவார்கள், லார்வெ. களிமண்ணில் முகம் வடித்து, அச்செடுத்து, அச்சுக்குள் கடதாசியைப் பசை தடவி அடுக்கடுக்காக ஒட்டி, காயவைத்து, வர்ணம் தீட்டியது. தலை முழுவதையும் மூடும். வேஷத்தில் இருக்கிறவர் தெருவில் அதைக் கழற்றிச் சிரித்துக்கொண்டு நிற்பது அழகில்லை. ஏறக்குறைய 20,000 பேர் வேஷம் போடுகிறார்கள். அதில் யார் வைத்தியர், யார் குப்பை அள்ளுகிறவர், யார் வங்கி மேலாளர் என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாததால்தான் அந்த வரிகளை எழுத முடிகிறது, பாட முடிகிறது. முகம் மறைத்தவர் குரலை மாற்றிக்கொண்டு தனக்குத் தெரிந்த ஆளின் முன்னால் வந்து நின்று, வருடம் முழுக்கச் சொல்லாததைச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். கேட்கிறவர் கோபிக்கக்கூடாது. பெரிய ஆட்களைத் தெருவில் வைத்துக் கேலி செய்யவும், அவர்கள் அதைத் தாங்கிக்கொண்டு நிற்கவும் ஒரு ஊர் தனக்கு மூன்று நாள் ஒதுக்கி வைத்திருப்பதை நான் பெரிய விஷயமாக மதிக்கிறேன்.

பார்க்க வருகிறவர்கள் முகத்தில் மை பூசிக்கொண்டோ கடையில் வாங்கிய முகமூடி போட்டுக்கொண்டோ வருவதை ஊரார் விரும்புவதில்லை. முதலில் அது கடுமையாகத் தோன்றியது. லாந்தர்களுக்கு நடுவே நின்றபோது அப்படித் தோன்றவில்லை. மேளம் பழகுகிறவர்கள் எட்டு ஒன்பது வயதில் இளைஞர் அணியில் சேர்ந்து, பலகையில் கம்பு தட்டித் தொடங்குகிறார்கள். பிறகு பெரியவர் அணி, வயது போனபின் முதியவர் அணி. இத்தனை வருடம் பழகியவரோடு சமமாக வந்து நிற்பதற்கு ஒரு டப்பா மை போதாது.

அன்றிரவு சந்தைச் சதுக்கத்தில் குக்கெமூசிக். பித்தளை வாத்தியமும் பெரிய மேளமும், வேண்டுமென்றே கொஞ்சம் சுருதி பிசகி, காதைப் பிளக்கிற உற்சாகம். இளையவர்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது அரை மணித்தியாலம் போதும்.

புதன் பிற்பகல் ஊர்வலத்தில் வாகிஸ் கூட்டத்திடம் அகப்பட்டேன். முன்பு பாசல் சந்தைக்குக் காய்கறி கொண்டுவந்த, பக்கத்துப் பிரான்சின் அல்சாஸ் பகுதி விவசாயியைக் கேலி செய்து உண்டான வேஷம்: பெரிய மூக்கு, பரட்டைத் தலை, நீலச் சட்டை, மரச் சப்பாத்து. வண்டியில் நின்று பிள்ளைகளுக்குத் தோடம்பழமும் இனிப்பும் மிமோசாப் பூவும் எறிகிறார்கள். பிளாகெட்டே குத்தாத பெரியவருக்கு ரெப்லியால் அபிஷேகம். ரெப்லி என்பது வட்ட வட்டமாக வெட்டிய வண்ணக் காகிதம். ஒரு பைக்குள் ஒரே நிறம்தான் இருக்கும். பல நிறம் கலந்திருந்தால் நிலத்திலிருந்து கூட்டி அள்ளியது என்று அர்த்தம். கலந்த ரெப்லியை விற்கவும் எறியவும் கூடாது. நான் சின்னம் குத்தியிருந்தும் ஒரு கை நிறையப் பச்சை ரெப்லி கழுத்துக்குள் போனது. பக்கத்தில் நின்ற ஐந்து வயதுப் பையன் ஒருவன் அதைக் கண்டு விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, தன் தோடம்பழத்தில் ஒன்றை எனக்குத் தந்தான்.

ஆனால் என்னை இழுத்தது அன்றிரவுதான்.

இரவு பதினொரு மணிக்கு மேல் பெரிய தெருக்கள் ஓய, குழுக்கள் சிதறி ஒழுங்கைகளுக்குள் நுழைந்துவிட்டன. ஆறேழு பேர், சில வேளை இரண்டே பேர். எங்கே போகிறோம் என்ற திட்டமில்லை. மெட்டு முடியுமட்டும் நடப்பது, ஒரு வாசலில் நின்று தாகம் தீர்ப்பது, மறுபடி நடப்பது. கெஸ்லெ என்று இதற்கொரு வினைச்சொல்லே வைத்திருக்கிறார்கள். தமிழில் ஒழுங்கைச் சுற்றல் என்று சொல்லலாம். யாரும் பின்னால் நடக்கலாம். நான் இம்பெர்கெஸ்லைன் என்கிற ஒடுங்கிய ஏற்றத்தில் நாலு குழலும் இரண்டு மேளமும் கொண்ட ஒரு குழுவின் பின்னால் சேர்ந்துகொண்டேன். இம்பெர் என்றால் இஞ்சி. வாசனைத் திரவிய வியாபாரிகள் இருந்த ஒழுங்கை அது. பக்கத்திலேயே மிளகு ஒழுங்கையும் உண்டு. எங்கள் கடல்பக்கத்து மிளகும் இஞ்சியும் மூட்டையாக வந்து இறங்கிய படிகளில், ஆறு நூற்றாண்டுக்கு மேல் பழைய ஒரு விழாவின் கடைசி ராத்திரியில், அந்நியர் ஆறு பேரின் முதுகைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கைதட்டுவதற்கும் அங்கே ஆளில்லை. கல் சுவர் இரண்டுக்கும் நடுவில் குழல் சத்தம் மேலே ஏறி, கூரைகளுக்கிடையில் தெரிந்த வானத் துண்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. குழலும் மேளமுமாக நடக்கிற சங்கதி சின்ன வயதிலிருந்து நமக்குப் பழக்கம். ஆனால் அதில் சாமி வருவார், சனம் பார்க்கும். இங்கே கேட்பதற்கு யாருமில்லாத ஒழுங்கையில், தங்களுக்காகத் தாங்களே வாசித்தார்கள். முன்னால் போன மேளக்காரரின் நடைக்கு என் கால் எப்போது ஒத்துப்போனது என்று தெரியவில்லை. மெல்லிய நடை, ஒவ்வோர் அடியிலும் உடம்பு கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து எழும். அப்படி எத்தனை சுற்றுச் சுற்றினேனோ, ரைன் நதிப் பாலத்தைக் கடந்து போய்த் திரும்பியும் வந்திருந்தோம்.

மூன்றே முக்காலுக்குச் சித்தப்பாவின் பின்கதவுக்கு வந்தேன். குசினியில் கடைசிப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"வெளியில வாங்கோ சித்தப்பா. முடியப் போகுது."

"வேலை கிடக்கு."

"பத்து நிமிசம்."

ஏப்ரனைக் கழற்றாமலே வந்தார். குளிருக்கு என் கழுத்துத் துண்டைக் கொடுத்தேன். ஒழுங்கை முனையில் ஒரு குழு வட்டமாக நின்று கடைசி மெட்டை வாசித்துக்கொண்டிருந்தது. விதி இதுதான்: திங்கள் நாலு மணிக்குத் தொடங்கியது வியாழன் நாலு மணிக்கு நிற்க வேண்டும். 72 மணித்தியாலம். ஒரு நிமிடமும் கூடாது.

"இந்தப் பாட்டு எனக்குத் தெரியும்" என்றார் சித்தப்பா. விரலால் ஏப்ரனில் தாளம் போட்டார். இரண்டு இடத்தில் மேளம் மாறுவதற்கு முன்பே அவர் விரல் மாறியது.

மணி அடித்தது. மேளம் நின்றது. வட்டத்தில் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒவ்வொருவராக லார்வெயைக் கழற்றினார்கள். எங்களுக்கு அருகில் நின்று மேளம் அடித்தது அறுபதைத் தாண்டிய ஒரு பெண். நரைத்த தலைமயிர் வியர்வையில் நெற்றியோடு ஒட்டியிருந்தது. புருவத்துக்கு மேலே லார்வெயின் விளிம்பு அழுத்திய சிவப்புக் கோடு. அவர் சித்தப்பாவைப் பார்த்தார், ஏப்ரனைப் பார்த்தார், தலையைத் திருப்பி உணவகக் கதவைப் பார்த்தார்.

"அந்தச் சூப் நீங்களா?" என்று ஜெர்மனில் கேட்டார்.

"ஓம்" என்று சித்தப்பா தமிழில் சொன்னார். பிறகு ஜெர்மனிலும் சொன்னார்.

அவர் மேளக் கம்பு இரண்டையும் இடக்கைக்கு மாற்றி வலக்கையை நீட்டினார். சித்தப்பா ஈரக்கையை ஏப்ரனில் துடைத்துவிட்டுக் கொடுத்தார். தெருமுனையில் நகரசபைத் துப்புரவு வண்டிகள் இரண்டு ஏற்கெனவே வந்து, விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றன.